நத்தார் சமையல்

"ரெண்டு கிலோ ஆட்டிறைச்சி காணுமெண்டு சொல்லுறன்!" கோபாலசிங்கம் கத்தினார்.

"இஞ்சேருங்கோ, காணாது! மிலானிலை இருந்து பிள்ளை ஒருநாள் லீவிலை வாறான். மூண்டு வாங்குங்கோ!" மங்களேஸ்வரி கதவை அறைந்து சாத்தினாள்.

"பிட்டோ, இடியப்பமோ?"

"ரெண்டும்!" என்று அலறியவள் அழுதே விட்டாள்.

கோபாலசிங்கம் ஒரு கோப்பையைப் போட்டு உடைத்தார். காதறுந்த பழைய கோப்பைதான்.

மேசையில், 'மறந்துபோய்' நிறுத்தாமல் விட்டிருந்த போனில் மங்களேஸ்வரி சமையல் வேலைக்குப் போகும் மொண்டெல்லோ வீட்டுக்காரி சிக்னோராவின் குரல் பதறியது. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, லீவே இல்லை என்று சற்றுமுன்தான் சொன்னவள். அவளுக்குத் தமிழ் தெரியாது, சண்டை தெரியும்.

"அழாதே. குடும்பம்தான் முக்கியம். நத்தாருக்குச் சமைக்க வரவேண்டாம், புருஷனோடு சமாதானமாகு."

"கிராட்சியே, சிக்னோரா," என்று விம்மலோடு நன்றி சொல்லிவிட்டு மங்களேஸ்வரி போனை வைத்தாள்.

"அப்ப மூண்டு கிலோ," என்றார் கோபாலசிங்கம்.

பிள்ளை வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போனான். தன் கணவரின் உறவுக் கூட்டம் முழுவதற்கும் தனியாளாகச் சமைத்த சிக்னோராதான், தை பிறந்ததும் அவரை விட்டுவிட்டுப் பகேரியாவுக்குக் குடிபோய்விட்டாள்.