ஒரு புள்ளிகூட மாறாமல்

"யாரு? யாரு இந்த வேலையப் பண்ணினது?"

விரிவுரையாளர் போட்ட சத்தத்தில் கம்ப்யூட்டர் லேப் அதிர்ந்தது. மொத்த வகுப்புக்கும் இருந்த ஒரே சர்வர் உறைந்து போய், எல்லோரும் அடித்து வைத்ததெல்லாம் போச்சு.

சர்வர் திரையில் வந்த பெயரைப் பார்த்தவர், நேராக முன் வரிசையில் கண்ணாடி போட்டிருந்த மாணவியிடம் வந்தார்.

"உன் லாகின்தான். எந்திரி! ஒரு ப்ரோக்ராம்லேருந்து பத்து குட்டி ப்ரோக்ராம், பத்தே பத்து சைல்ட் ப்ராசஸ் உருவாக்கச் சொன்னா, ஆயிரத்துக்கு மேல பெத்துப் போட்டிருக்க! வேலை முடிஞ்ச சைல்ட் வெளிய போகணும்னா 'எக்ஸிட்'னு ஒரு வரி எழுதணும். இல்லாட்டி அதுவும் லூப்ல புகுந்து குட்டி போடும், அந்தக் குட்டியும் குட்டி போடும். அரிச்சுவடி இது! மண்டைல என்ன களிமண்ணா?"

"சார், நான்..."

"பேசாத! இன்டர்னல் மார்க் பூஜ்யம். அடுத்த வாரம் கம்பெனிக்காரங்க ஆள் எடுக்க வரும்போது அந்தப் பக்கம் தலைகாட்டவே முடியாது, பாத்துக்க!"

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பக்கத்தில் இருந்த தோழிக்குப் பொறுக்கவில்லை. துள்ளி எழுந்தாள்.

"என்ன சார் அநியாயம் இது? போன வாரம் நீங்க விட்ட ஒரு வரிய இவ சேர்த்து எழுதினா. 'என்னைவிட உனக்குத் தெரியுமோ? போர்டுல இருக்கறதுல ஒரு புள்ளிகூட மாறக் கூடாது'னு திட்டி, திரும்ப எழுத வெச்சீங்க. இன்னிக்கு நீங்க எழுதினத அப்படியே அடிச்சா. எங்களுக்கு முந்தி ரன் பண்ணிட்டா, அவ்வளவுதான். கொஞ்சம் போர்டைப் பாருங்க சார்!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவரும் திரும்பினார்.

கரும்பலகையில் முத்து முத்தான கையெழுத்தில் ப்ரோக்ராம் முழுசாக இருந்தது. எக்ஸிட்டைத்தான் காணோம்.

வராந்தாவில் துறைத் தலைவரின் ஷூ சத்தம் கேட்டது.

விரிவுரையாளர் இரண்டே எட்டில் போய் டஸ்டரை எடுத்தார். மனுஷனுக்கு அத்தனை வேகம் வரும் என்று யாரும் நினைத்ததில்லை. தலைவர் உள்ளே நுழைந்தபோது கரும்பலகை பளிச்சென்று இருந்தது.

"என்னய்யா, பக்கத்து லேப் வரைக்கும் சத்தம்? சர்வர் படுத்துடுச்சாமே, யாரால?"

சாக்பீஸ் தூள் அப்பியிருந்த விரலைக் கண்ணாடிக்காரியை நோக்கி நீட்டினார் விரிவுரையாளர்.

"இந்தப் பொண்ணுதான் சார். சொன்ன பேச்சே கேக்கறதில்ல!"