ஊசிமுனை

"ஏனுங்கக்கா, ஊசி ஒடஞ்சதுக்கெல்லாமா ஜெபம்?"

சூப்பர்வைசர் வேல்குமார் கேட்டதில் தப்பே சொல்ல முடியாது. நாலு மணிக்கு லாரி வந்து நிற்கும். கைக்குழந்தைகளுக்கான பனியன், வெளிநாட்டு ஆர்டர். மணி இப்போதே மூன்றரை.

ஏழாம் நம்பர் மிஷினில் ஊசி உடைந்திருந்தது. உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி, நோட்டில் டேப் போட்டு ஒட்டினால்தான் சரக்கு வெளியே போகும். பனியன் கம்பெனியில் அது சட்டம். துணியோடு துணியாக ஒரு துண்டு போய், எங்கோ ஒரு குழந்தையைக் குத்தினால் யார் பதில் சொல்வது?

மேல்துண்டு கிடைத்துவிட்டது. முனையைத்தான் காணோம். அது கிடைக்காவிட்டால் லாரி காலியாகத் திரும்பும். முதலாளி முதலில் கூப்பிடுவது வேல்குமாரைத்தான்.

அரை மணி நேரமாகக் காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் துழாவியாயிற்று. பனியன்களை ஒவ்வொன்றாக உதறியாயிற்று. ஏழாம் நம்பரில் தைத்துக்கொண்டிருந்த கலைமகள், வேலைக்குச் சேர்ந்து ஐந்தே நாள் ஆன பெண், ஒரு கையால் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தேடினாள்.

"கையில கிய்யில ஏத்திக்கிட்டயா கண்ணு?" என்று வேல்குமார் முதலிலேயே கேட்டான்.

"இல்லீங்க சார்" என்றாள்.

அப்போதுதான் செக்கிங் டேபிளில் இருந்த விஜயராணி ஜெபம் என்று ஆரம்பித்தாள்.

விஜயராணி சாத்தான்குளம் பக்கமிருந்து பிழைக்க வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. கர்த்தரிடம் கேட்காமல் எதையும் செய்யமாட்டாள். வீடு மாறுவதா, மகளை நர்சிங் சேர்ப்பதா, ஓவர்டைம் பார்ப்பதா, எல்லாவற்றுக்கும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வாள். புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளை அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் கரை சேர்த்தாள். ஆனாலும் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் அந்தத் தையல் லைனில் இல்லை.

"ஒரு நிமிசம் சார். எல்லாரும் கையக் கோத்துக்கிட்டு நிப்போம். வேற ஒண்ணும் வேண்டாம்."

"நானுந்தான் வருஷா வருஷம் பழனிக்கு நடக்கறனுங்க. வேலை நேரத்துல முருகனைத் தொந்தரவு பண்றனா?"

லைன் சிரித்தது. ஆனால் வேல்குமாருக்கும் வேறு வழி தெரியவில்லை.

"ஒரே நிமிஷந்தானுங்க" என்று கடிகாரத்தைப் பார்த்தபடி ஒதுங்கி நின்றான்.

பத்துப் பேர் வட்டமாக நின்றார்கள். திருநீறு பூசியவர்களும் நின்றார்கள், தமிழ் புரியாத ஒடிசாப் பெண்கள் இரண்டு பேரும் நின்றார்கள். விஜயராணி கலைமகளுக்குப் பக்கத்தில் போய் நின்று, கையைக் கோக்காமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். உதடு மட்டும் அசைந்தது.

கலைமகளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"ஒரு ஊசிக்குப் போயி இந்தப் புள்ள இப்படி உருகுதே" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"ஆமென்" என்று முடித்த விஜயராணி, "இவளக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போயிட்டு வந்துருதேன் சார்" என்று கிளம்பிவிட்டாள்.

வேல்குமாருக்கு எரிச்சல் தலைக்கேறியது. "தேடறதுக்கு ஆளில்லைன்னு தவிக்கிறேன். ரெண்டு பேரு கிளம்பியாச்சு."

கால் மணி நேரத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள். விஜயராணி ஒரு காகிதத்தை நீட்டினாள். அதில் டேப் போட்டு ஒட்டிய ஊசிமுனை. வேல்குமார் அதை மேல்துண்டோடு வைத்துப் பார்த்தான். கச்சிதமாகப் பொருந்தியது.

"எங்கீங்கக்கா கிடைச்சுது?"

விஜயராணி நகர்ந்து நின்றாள். பின்னால் கலைமகள். ஆட்காட்டி விரலில் புதுக் கட்டு.

"கம்பெனி நர்ஸம்மா எடுத்துக் குடுத்தாங்க சார்."

வேல்குமார் கலைமகள் பக்கம் திரும்பினான். "கையில இல்லைன்னு சொன்னயே கண்ணு?"

"போன மாசம் சீனியம்மாக்கா கையில ஊசி ஏறுனதுக்கு, வேலை தெரியாதவங்க எனக்கு வேண்டாம்னு அன்னைக்கே நிறுத்திப்போட்டீங்களாமா." குரல் உடைந்தது. "எங்க ஊட்டுல வேலைக்குப் போறது நான் ஒருத்திதானுங்க சார்."

வேல்குமார் நோட்டைத் திறந்து முனையை ஒட்டினான். கிடைத்த இடம் என்பதற்கு நேராக 'விரல்' என்று எழுதினான். அரிசி நொய் அளவுகூட இல்லை அது. அதைச் சதைக்குள் வைத்துக்கொண்டுதான் இந்தப் பெண் எல்லாரோடும் சேர்ந்து தேடியிருக்கிறாள். நினைக்கவே அவனுக்குக் கூசியது.

"மூணு நாள் லீவு எடுத்துக்க. சம்பளம் புடிக்க மாட்டேன். திங்கக்கிழமை வந்து அதே ஏழாம் நம்பர்ல உக்காரு." கொஞ்சம் நிறுத்தினான். "சீனியம்மாவைப் பார்த்தா அவங்களையும் வரச் சொல்லு."

கலைமகள் கும்பிட்டுவிட்டுப் போனாள். வெளியே லாரி ஹாரன் கேட்டது. வேல்குமார் தயங்கித் தயங்கி விஜயராணியிடம் வந்தான்.

"சிரிக்காம சொல்லுங்கக்கா. ஊசி அந்தப் புள்ள கையில இருக்குதுன்னு ஜெபத்துலதான் உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா?"

விஜயராணி மடித்து வைத்திருந்த ஒரு குட்டிப் பனியனை விரித்துக் காட்டினாள். ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் காய்ந்திருந்தது.

"இல்ல சார். உதறும்போது இது என் கையில வந்துட்டு. அப்பமே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா ஜெபம் பண்ணுனீங்க?"

"சொன்னா அவ வேலை போயிரும், சொல்லாட்டி விரலு போயிரும். எனக்கு என்ன செய்யன்னு தெரியல. அதான் சார், அந்த ஒரு நிமிசமும் உங்களுக்காக ஜெபம் பண்ணுனேன்."