விதைக்காத காடு

முதல் மழைக்கே ஊர் முழுக்க மக்காச்சோளம் விதைத்தது. செல்லக்கிளி தன் மானாவாரிக் காட்டில் விதைக்கவில்லை. இந்த மழைக்குப் பிறகு வெகுநாள் மழை இருக்காது, அடுத்த மழைக்குப் போடுங்கள் என்று ஆராய்ச்சி நிலையத்தின் கணினிக் கணிப்பு சொல்லியிருந்தது. போன வருடம் ஊரோடு சேர்ந்து விதைத்து, முளைத்ததெல்லாம் கருகிப் போனதைப் பார்த்தவள் அவள்.

கொழுந்தன் மருதை தானே விதைத்துவிடுவதாக டிராக்டரோடு அவள் காட்டில் இறங்கினான்.

"கம்ப்யூட்டரா அண்ணி மழை பெய்யுது? வழிய விடுங்க."

செல்லக்கிளி டிராக்டருக்கு முன்னால் ஈரமண்ணில் உட்கார்ந்தாள்.

"என்மேல ஏத்திட்டு வெதச்சுக்க."

அவன் வண்டியை அணைத்தான். "கணிப்பு பொய்யாப் போச்சுன்னா?"

"போவட்டும். பட்டினி கெடக்கப்போறது நானு. முடிவும் என்னோடதா இருக்கட்டும்."

சுற்றிலும் பச்சை தலைகாட்டியது. அவள் காடு மட்டும் கறுப்பாகக் கிடந்தது. தினமும் அதன் நடுவே போய் நின்று, சிரித்துக்கொண்டு போகிறவர்களை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.