சடையப்பக் கங்காணியின் பேரன்

மலாயாவின் பழைய ரப்பர் தோட்ட வாழ்க்கையை மூன்று வருடம் ஆராய்ந்து கிறிஸ்டின் எழுதிய நாவலில், சடையப்பக் கங்காணி மட்டும் முழுக் கற்பனை. கையில் சாட்டையைக் கொடுத்துக் குதிரையில் ஏற்றி, படிப்பவர்கள் சபிக்கும்படி அவனைப் படைத்திருந்தாள்.

நாவல் வெளிவந்த மறுமாதம், பெர்மாஸ் ஜெயாவில் அவள் வீட்டு வாசலில் ஒருவர் புத்தகத்தோடு வந்து நின்றார். சாட்டை வரும் பக்கங்களில் எல்லாம் காகிதம் செருகியிருந்தார்.

“பாலோவுல இருந்து வரேன். பேரு ஹேமநாதன். சடையப்பன் பேரன்.”

வழக்குப் போட வந்திருக்கிறாரோ? கிறிஸ்டின் அவசரமாக முந்திக்கொண்டாள்.

“ஐயோ அண்ணே, அப்படி ஒரு ஆளே கிடையாது. நானா இட்டுக்கட்டினது. வேணும்னா பேப்பர்லயே மறுப்புப் போட்டுடுறேன்.”

“அலமாக்! அப்படியெல்லாம் செஞ்சுடாதீங்க லா!” அவர் பதறிக் கைகூப்பினார்.

“அப்போ உங்க தாத்தா?”

“அவரு பால்மரம் சீவினவரு. பேரு மட்டும்தான் சடையப்பன்.” குரலைத் தாழ்த்தினார். “கங்காணி குடும்பம்னு இந்தப் புத்தகத்தைக் காட்டித்தான் மகனுக்குப் பொண்ணு பேசி வச்சிருக்கேன். பொண்ணு வீட்டுக்காரங்க வந்து கேட்டா, கற்பனைன்னு மட்டும் சொல்லிடாதீங்க, தங்கச்சி!”