தாமதமாக வந்த சிரிப்பு

செண்பகவல்லி டீச்சர் தமிழில் பாடம் நடத்த, ஒடிசாவிலிருந்து திருப்பூருக்குப் புதிதாக வந்த மாணவி லிப்சாவின் காதிலுள்ள மொழிபெயர்ப்புக் கருவி அதை அவள் தாய்மொழியான ஒடியாவில் சொல்லும். ஆனால் சற்றுத் தாமதமாகச் சொல்லும். டீச்சர் வேடிக்கையாக ஏதாவது சொன்னால், எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் அவள் மட்டும் சிரிப்பாள். வகுப்பே திரும்பி அவளைப் பார்த்துச் சிரிக்கும். நாளடைவில் அவள் சிரிப்பதையே விட்டுவிட்டாள்.

ஆசிரியர் பயிற்சியில் டீச்சர் கேட்டார்: "கருவியை இன்னும் வேகமாக்க முடியாதுங்களா, சார்?"

"இப்போதைக்கு முடியாதுங்க டீச்சர்," என்றார் பயிற்றுநர் இர்பான். "அது பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க கொஞ்சம் பொறுங்க. சிரிப்பு வர்ற இடத்தை வாயில சொல்லாம, நடிச்சுக் காட்டிப் பாருங்களேன்."

டீச்சருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கண்ணாடி முன் நின்று பழகினார்.

திங்கட்கிழமை, சைக்கிள் ஓட்டிய யானையின் கதையைச் சொன்னார். முடிவுக்கு முன் நிறுத்தி, லிப்சா நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தார். பிறகு, யானை விழுந்ததுபோல் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

வகுப்பே வெடித்துச் சிரித்தது. லிப்சாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.