பேரம் பேசாத சனிக்கிழமை

இரண்டு நாள் நிம்மதிக்குப் பதினெட்டாயிரம் கியாட் என்றார் வாடகை வீட்டுக்காரர் சாதிக் பாட்சா.

சிவராஜ் எண்ணிக் கொடுத்துவிட்டான்.

அம்சவேணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு வருடமாக இந்த மனிதனோடு குடும்பம் நடத்துகிறாள். ரங்கூன் பருப்புத் தரகன். கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்தபடியே ஐயரிடம் தட்சிணையைக் குறைத்தவன். அவர் கோபத்தில் நாலு மந்திரத்தை விழுங்கிவிட்டதாக வீட்டில் இன்றும் பேச்சு உண்டு.

அவன் வாயைத் திறக்காமல் பணத்தை நீட்டுகிறான் என்றால்?

வீடு அழகாகத்தான் இருந்தது. தன்லியின் என்ற ஊரைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே, வெள்ளைக்காரத் துரை ஒருவன் தன் ஊர் ஞாபகத்தில் கட்டியது. சரிந்த ஓட்டுக்கூரை, சுவரேறிய ரோஜாக்கொடி, கூடத்தில் குளிர்காய ஒரு கணப்பு. இந்த வெயிலில் குளிர்காய இடம் கட்டியவன் கண்டிப்பாக வியாபாரியாக இருந்திருக்க மாட்டான். இப்போது கணப்புக்குள் பாட்சாவின் கோழி அடையிருந்தது.

"எப்படி வேணி? தாகேதா வீட்டுல இந்தக் காத்து வருமா?"

தாகேதாப் பேட்டையில் அவர்கள் குடியிருக்கும் வீட்டில் இரண்டு அறைக்கு எட்டுப் பேர். காற்று வந்தாலும் நிற்க இடமில்லை.

அவன் இன்று ஒரு மாதிரியாகத்தான் இருந்தான். பஸ் இருக்க டாக்சி பிடித்தான். வழியில் பூ வாங்கி அவனே அவள் தலையில் வைத்தான், கோணலாக. இப்போது புதுக் கைலியைக் கட்டிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசல்படியில் உட்கார்ந்து சினிமாப் பாட்டு ஒன்றை முணுமுணுக்கிறான்.

டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டாரா? பெருங்கடனா? இன்னொருத்தியா?

மூன்றாவதை நினைத்தபோது சிரிப்பு வந்தது. இன்னொருத்திக்குச் செலவு செய்யும் ஆளா இவன்?

ஆனால் ஒன்று. அம்சவேணிக்காகச் செலவு செய்யாத வாரமும் கிடையாது.

எண்பத்தெட்டுக் கலவரத்தில் அவள் பிறந்த ஊரின் ஆபீஸ் எரிந்தது. பதிவேட்டோடு அவள் பெயரும் சாம்பலானது. அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாதவளைப் புருஷன் வீட்டுக் குடும்பப் பட்டியலில் சேர்க்க முடியாது. பட்டியலில் பெயர் இல்லாதவர் ஒரு வீட்டில் இரவு தங்கினால், வார்டு ஆபீஸில் விருந்தாளி என்று சீட்டு வாங்க வேண்டும். சீட்டுக்கு ஒரு வாரம்தான் ஆயுள். சோதனைக்கு வரும்போது சீட்டு இல்லையென்றால் விருந்தாளியும் உள்ளே, வீட்டுக்காரனும் உள்ளே.

ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிவராஜ் சுருட்டுக்கட்டோடு ஆபீஸுக்குப் போவான். ஐந்நூறு கேட்கும் தலைவரை முந்நூறுக்கு இறக்கி, பொண்டாட்டியை இன்னொரு வாரத்துக்கு விருந்தாளியாக்கிக்கொண்டு வருவான். சீட்டை அவள் காலண்டருக்குப் பின்னால் செருகிவைப்பாள்.

"அறுநூறு வாரம் ஆகப்போகுது, விருந்துக்கு வந்தவ கெளம்புற மாதிரியே தெரியல" என்பான். மாமியார் உட்பட எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

பாட்சா டீ கொண்டுவந்து வைத்தார். அம்சவேணி குரலைத் தாழ்த்தினாள்.

"ஏன் பாய், இந்தக் கோழிக் கூண்டுக்குப் பதினெட்டாயிரமா? கேக்க ஆளில்லன்னு கறந்துட்டீங்களே!"

கிழவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஆறாயிரம்தான் தங்கச்சி நம்ம வாடகை. வந்தவங்க பேர எழுதி ஆபீஸ்ல குடுத்துருவேன். உங்க பேர எழுதாம இருக்கறதுக்குத்தான் மிச்சப் பன்னெண்டு. மாட்டுனா நானுல்ல கம்பி எண்ணணும்? தம்பி சொல்லலயா?"

தம்பி சொல்லவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. பயணத்துக்குத் துணி மடிக்கும் அவசரத்தில் அவள் சீட்டைக் கேட்கவில்லை. அவனும் தரவில்லை.

டீயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவன் பாட்டை நிறுத்தினான். அவள் முகத்தைப் பார்த்ததும், சரக்கில் வண்டு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்ட வாடிக்கைக்காரன் முன் நிற்கும் தரகன்போல் விழித்தான்.

"பழைய தலைவர மாத்திட்டாங்க, வேணி. புதுசா வந்தவன் சீட்டு தர மாட்டேங்கிறான். ஆயிரத்துல ஆரம்பிச்சேன். அம்பதாயிரம் வரைக்கும் போனேன்."

"அம்பதா?"

"வெலையே இல்லாத ஆளு. அப்படி ஒருத்தன நான் பாத்ததே இல்ல. இன்னிக்கும் நாளைக்கும் நம்ம தெருவுல வீடு வீடா சோதனையாம்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையில் பூ சரிந்தது. சரிசெய்யவில்லை.

உள்ளே பாட்சா கோழியோடு சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது. சிவராஜ் தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டான். சந்தையில் தரகர்கள் செய்வது போல, மூன்றாம் மனிதனுக்குத் தெரியாமல் விலை பேச, துண்டுக்கடியில் அவள் விரல்களைப் பற்றினான்.

ஒரு விரலை அழுத்தினான். சனி.

அடுத்ததை அழுத்தினான். ஞாயிறு.

மூன்றாவது விரலை அவளே நீட்டினாள். திங்கள்?

துண்டுக்குள் அவன் கை அசையவில்லை.