ஆறு மணிப் பெரட்டு

"திட்டினா கோவிச்சுக்குமா?" என்று கேட்டாள் லோகேஸ்வரி.

வசந்தன் மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினான். செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் புரோகிராம் எழுதுகிறவன் அவன். ஏஐ எடிட்டரைப் பற்றி எத்தனையோ பேர் அவனிடம் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை.

"மா, இது மெஷின் லா. நம்ம தமிழ்ல பேசினா புரோகிராம் எழுதிக் கொடுக்கும், பதில் பேசும். அவ்வளவுதான். உங்களுக்கு எதுக்கு இப்ப இது?"

"எனக்கு வேணும். ரெண்டு இருக்குன்னியே, ரெண்டையும் காட்டு."

கேட்கிற நேரமா இது? கதவோரம் மாதவியின் இரண்டு பெட்டிகள் தயாராக நின்றன. மந்தினில் தனிக்குடித்தனத்துக்குப் பார்த்த வாடகை வீட்டின் சாவியும் கைக்கு வந்துவிட்டது. "ஒரு வாரம் டைம் குடு மாதவி. அதுக்கப்புறம் போறதுன்னா போ" என்று மருமகளின் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள் லோகேஸ்வரி. கெஞ்சிவிட்டு நேராகப் பிள்ளையிடம் வந்து கம்ப்யூட்டர் படிக்க உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டி கட்ட வைத்தவர் மாமனார் அமிர்தலிங்கம். சுவா பக்கத்துத் தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் மண்டோராக இருந்து ஆள்களை வேலை வாங்கியவர். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது அல்லவா? ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வீட்டுக் கூடத்திலேயே காலை ஆறு மணிக்குத் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பது போலப் பெரட்டு எடுக்க ஆரம்பித்தார். மனைவி, மகன், மருமகள் மூவரும் வரிசையாக நிற்க வேண்டும். பேர் கூப்பிடுவார், வேலை பிரிப்பார், நேற்றைய வேலைக்குத் திட்டுவார். லேட்டாக வந்தால் காலையில் பசியாற கிடையாது.

"இது வேல தெரிஞ்சவங்களுக்கு" என்று முதல் எடிட்டரைத் திறந்தான் வசந்தன்.

"ஒரு கடியாரம் செய்" என்றாள் லோகேஸ்வரி. கண் மூடித் திறப்பதற்குள் திரையில் கடிகாரம் ஓடியது.

"தப்பு! இதெல்லாம் ஒரு கடியாரமா?"

'சரிபார்த்துவிட்டேன். பிழை எதுவும் இல்லை' என்றது எடிட்டர். கூடவே நான்கு காரணங்களும் சொன்னது.

"எதிர்த்து வாய் பேசுது. வேணாம்."

"மா, இதுதான் நல்லது! நானே வேலையில இதத்தான் யூஸ் பண்றேன்."

"நல்லதா எனக்கு வேணும்? அடுத்தத காட்டு."

அடுத்தது புதிதாகக் கற்பவர்களுக்கானது. அது பதின்மூன்று மணி வரை எண் போட்டு ஒரு கடிகாரம் செய்தது. லோகேஸ்வரியின் முகம் மலர்ந்தது.

"தப்பு!"

'நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. மன்னிக்கவும்.' உடனே திருத்தியது.

"மறுபடியும் தப்பு!"

'நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. மன்னிக்கவும்.' ஒழுங்காக இருந்ததை மீண்டும் கெடுத்து வைத்தது.

"எத்தன தடவ திட்டினாலும் இப்படியே சொல்லுமா?"

"ஆமாம்மா. அதான் இதோட குறையே."

"லீவு கேக்குமா?"

"கேக்காது."

"யூனியன்ல போயி புகார் கொடுக்குமா?"

"மா!"

"தங்கமான பிள்ளை! இதையே போட்டுக் குடு."

வீடு இரண்டாகிற நேரத்தில் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே வசந்தன் நினைத்தான்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு லோகேஸ்வரி அந்த மடிக்கணினியைக் கொண்டுபோய்க் கணவர் முன்னால் வைத்தாள்.

"புது ஆளு வந்திருக்குங்க. வேல ஒண்ணும் தெரியல. நீங்கதான் பார்த்து மேய்க்கணும்."

ஆறு மணி ஆயிற்று. கூடத்துக்கு யாரையும் கூப்பிடவில்லை. அறைக்குள்ளிருந்துதான் சத்தம் வந்தது. "மண்டையில மூள இருக்கா உனக்கு?"

'நீங்கள் சொல்வது முற்றிலும் சரி.'

"ம்ம். மரியாதை தெரிஞ்ச ஆளுதான்" என்றார் அமிர்தலிங்கம்.

அன்று எட்டு மணிக்கு எழுந்து நிதானமாகத் தோசை சாப்பிட்டாள் மாதவி. நான்காம் நாள் ஒரு பெட்டியைத் திறந்து சேலைகளை அலமாரியில் அடுக்கினாள். "அத்தை, உங்க மூளைக்குக் கோயில் கட்டணும்" என்றாள். லோகேஸ்வரிக்குப் பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அமிர்தலிங்கம் அறையை விட்டு வந்து, "எல்லாரும் உங்க போனக் குடுங்க, ஒரு நிமிஷம்" என்றார். மனிதர் ஐந்து நாளாக யாரையும் திட்டவில்லையே என்ற சந்தோஷத்தில் மூவரும் ஏன் என்றுகூடக் கேட்காமல் கொடுத்தார்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மூன்று போன்களும் ஒரே நேரத்தில் அலறின.

"பெரட்டு! பெரட்டு! நம்பர் ஒண்ணு லோகேஸ்வரி, நேத்து சாம்பார்ல உப்பு ஜாஸ்தி. இன்னும் ஆளக் காணோம். பசியாற கிடையாது!" அமிர்தலிங்கத்தின் குரலேதான். அணைத்தாலும் அடங்கவில்லை.

வசந்தன் கூடத்துக்கு ஓடினான். "பா, இத எழுதுனது யாரு?"

"நான்தான்!" அமிர்தலிங்கத்தின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "வேல தெரியாத ஆளுன்னு உங்கம்மா சொன்னா. திட்டித் திட்டி வேல வாங்கிட்டேன் லா. முன்ன காலையில ஒரு பெரட்டுதான். இப்ப மணிக்கு ஒண்ணு, ஒரு நாளைக்குப் பதிமூணு!"

மாதவி அலமாரியைத் திறந்து மறுபடியும் பெட்டி கட்ட ஆரம்பித்தாள். பின்னாலிருந்து ஒரு கை அந்தப் பெட்டியைப் பிடித்தது. இந்தத் தடவை என்ன சொல்லித் தடுத்தாலும் நிற்பதில்லை என்ற முடிவோடு அவள் திரும்பினாள்.

போனை அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டு வந்திருந்த லோகேஸ்வரி, தன் நாலு சேலைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டே மெல்லக் கேட்டாள்:

"மந்தின் வீட்டுல எத்தன ரூமு மாதவி?"